வங்குறோத்து மன்றமும் நீதிபதிகளின் போக்கும்

‘வங்குறோத்து’ என்னுஞ் சொல்லை உச்சரிக்கவும் நம்மவர் கூசுவர். ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் நம் தமிழிற் குடிபுகுந்த இச்சொல், கடையைப் பூட்டிவிட்டு இரவோடிரவாக ஊரைவிட்டகன்ற வணிகனையே இன்றும் மனக்கண்முன் நிறுத்துகின்றது. ஐக்கிய அமெரிக்காவிலோ அது ஒரு நீதிமன்றத்தின் பெயர். நோயினாலும், தொழில் இழப்பினாலும், மணமுறிவினாலும் கடனுள் ஆழ்ந்த குடும்பங்கள் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் அம்மன்றத்தின் வாயிலை நாடுகின்றன. நம் உறவினர் பிள்ளைகள் பலரும் அந்நாட்டிற் குடியேறி, வீட்டை ஈடுவைத்தும் கடனட்டையை நம்பியும் வாழுங் காலம் இது. ஆதலின் அம்மன்றத்தின் நடைமுறையை இங்குள்ள தாய் தந்தையர் அறிந்துவைத்தல் வேண்டாத வேலையன்று.

சட்டம் ஒன்றே. 1978 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1979 ஒக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த வங்குறோத்துச் சட்டக்கோவை ஐம்பது மாநிலங்களுக்கும் பொதுவானது. கடனாளி கைவிடாது வைத்திருக்கக்கூடிய உடைமைகளில் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் பெரும் பேதமுண்டு. ரெக்சாசிலும் புளோரிடாவிலும் குடியிருக்கும் வீட்டின் பெறுமதிக்குப் பொதுவாக வரம்பில்லை. நீதிபதிகளோ பலர். ஏனைய சமஷ்டி நீதிபதிகளைப் போல் இவர்கள் ஜனாதிபதியால் ஆயுட்காலத்திற்கு நியமிக்கப்படுபவரல்லர். அவ்வவ் வட்டாரத்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தால் 14 ஆண்டுகளுக்கு நியமிக்கப்படுபவர். பல நீதிபதிகள் உள்ள இடத்தில், வழக்கு எவரிடஞ் செல்லும் என்பதைத் திருவுளச் சீட்டுப் போலக் கணினியே தெரிவு செய்துவிடும். கடனாளியின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை. ஆகவே, எவர்முன் நிற்க நேர்ந்தாலும் அவருக்கேற்ப ஆயத்தஞ் செய்வதே அங்குள்ள சட்டத்தரணிகளின் முதற் கடமையாகின்றது.

இங்கே வாசகர் பலர் எதிர்பாராத ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். சாதாரண குடும்பத்தினர் நாடும் 7 ஆம் அத்தியாய வழக்குகளிற் பெரும்பாலானவற்றில் கடனாளி நீதிபதியின் முகத்தைக் காண்பதேயில்லை! அவர் செல்லவேண்டியது கடன்கொடுத்தோர் கூட்டத்திற்கு. அக்கூட்டத்திற்கு நீதிபதி சமுகந்தரலாகாதெனச் சட்டமே தடுத்துள்ளது. நிர்வாகத்தையும் தீர்ப்பையும் ஒரே கையில் வைத்தல் தகாதென்னுங் கருத்தே அதற்குக் காரணம். நம்பிக்கைப் பொறுப்பாளர் ஒருவர் தலைமை வகித்து, சத்தியப் பிரமாணத்தின் பேரிற் கேள்விகளைத் தொடுப்பார். பெருந்தொற்றுக் காலத்திற்குப் பின்னர் இக்கூட்டங்கள் பெரும்பாலும் காணொளி மூலமே நடைபெறுகின்றன. வருமானவரிப் பத்திரத்தின் பிரதியை ஏழு நாட்களுக்கு முன்னரே சேர்ப்பித்துவிட வேண்டும். ஆளடையாளப் பத்திரமும் சமூகப் பாதுகாப்பு இலக்கத்துக்கான அத்தாட்சியும் கைவசமிருக்க வேண்டும். ஆங்கிலத்திற் தடுமாறுவோர்க்குத் தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளர் இலவசமாகக் கிடைப்பர். இதை அறியாது, பன்னிரண்டு வயது மகனை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லும் பெற்றோரை நினைத்தால் இரக்கமே தோன்றும். தந்தையின் கடன்கணக்கைப் பிள்ளையின் வாயாற் சொல்விப்பது எதற்கு?

நீதிபதியின் குணபேதம் நன்கு வெளிப்படுவது 13 ஆம் அத்தியாய வழக்குகளிலேதான். இதில் கடனாளி மூன்று தொடக்கம் ஐந்து ஆண்டுகள் வரை தவணை முறையிற் பணஞ் செலுத்துவதாகத் திட்டமொன்றைச் சமர்ப்பிக்கிறார். ஈட்டுப் பணம் தவறியமையால் ஏலத்துக்கு வரவிருந்த வீட்டைக் காத்துக்கொள்ளப் பலர் கைக்கொள்ளும் வழி இது. குடும்பச் செலவில் எது நியாயம், எது ஆடம்பரம் என்னும் வினா அப்போதெழும். தருமத்துக்கும் ஆலயத்துக்குங் கொடுப்பதை, மொத்த வருமானத்தில் நூற்றுக்குப் பதினைந்து வீதம் வரை, 1998 ஆம் ஆண்டுச் சட்டமொன்று காத்து நிற்கின்றது. தனியார் பாடசாலைக் கட்டணம், வயது வந்த பிள்ளைக்குச் செய்யும் செலவு, இரண்டாவது வாகனம் என்பன போன்றவற்றிலோ நீதிபதிகளின் அபிப்பிராயங்கள் வெகுவாக வேறுபடும். ஒருவர் வினாவின்றி ஏற்பதை மற்றொருவர் பற்றுச்சீட்டுடன் விளக்கம் கேட்பார்.

இதற்கு ஆயத்தஞ் செய்வது எவ்வாறு? ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனி விதிகளுண்டு. அவற்றின் மேலாக, நீதிபதிகள் பலர் தத்தம் நடைமுறைகளை நீதிமன்ற இணையத்தளத்தில் எழுதி வைத்துள்ளனர். பத்திரங்களின் அச்சுப்பிரதி தமக்கு வேண்டுமா, சான்றுகளுக்கு இலக்கமிடுவது எப்படி, தொலைபேசியிலோ காணொளியிலோ தோன்றலாமா, தவணையை ஒத்திவைக்க எத்தனை நாள் முன்னதாகக் கேட்கவேண்டும் என்பனவெல்லாம் அங்கே காணப்படும். கலிபோர்னியாவில் நீதிபதிகள் சிலர், தவணைக்கு முன்னரே தம் உத்தேசத் தீர்ப்பை வெளியிட்டுவிடுவர். அதைப் படியாமல் மன்றேகி, தனக்குச் சார்பாக ஏற்கெனவே எழுதப்பட்ட தீர்ப்பை எதிர்த்து அரைமணி நேரம் வாதாடும் சட்டத்தரணி, நீதிபதியின் பொறுமையோடு கட்சிக்காரரின் பணத்தையும் வீணாக்குபவராவார். வேறு சில இடங்களில், குறித்த நாட்களுக்குள் எவரும் ஆட்சேபியாவிடின் மனு விசாரணையின்றியே அங்கீகரிக்கப்படும். அங்கே மௌனமாயிருந்தவர் உரிமையை இழப்பார்.

எழுத்தில் வாராதவற்றை அறியவும் வழியுண்டு. இம்மன்றத்தின் விசாரணைகள் பொதுவாகப் பகிரங்கமானவை. எவரும் பின்வரிசையில் அமர்ந்து கேட்கலாம். தன் தவணைக்கு ஒரு வாரம் முன்பதாக, அதே நீதிபதியின் மன்றில் ஒரு முற்பகலைக் கழித்தவர் பல விஷயங்களைக் கண்டுகொள்வார். பத்திரங்களை முழுதும் படித்துவிட்டு வரும் நீதிபதியிடம் கதையைத் தொடக்கத்திலிருந்து ஒப்புவித்தல் பிழை. கடனாளியையே நேரில் வினவும் நீதிபதியிடம், சட்டத்தரணியின் பின்னால் ஒளிந்து நிற்றலும் பிழை. கணக்கில் ஒரு சதம் பிசகினும் பொறாதவர் உளர். கணக்கைப் பொறுப்பாளரிடம் விட்டு, மனிதரின் நேர்மையை அளப்பவரும் உளர். இவற்றை எந்த விதிநூலும் சொல்லாது.

கல்விக் கடனில் இவ்வேறுபாடு எத்துணை தூரஞ் சென்றது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அளவிறந்த இடர் இருந்தாலன்றிக் கல்விக் கடன் தள்ளுபடியாகாது. அவ்விடரை அளக்க 1987 இல் எழுந்த புறுன்னர் வழக்கின் மூன்று சோதனைகளையே பெரும்பாலான வட்டாரங்கள் பின்பற்றுகின்றன. மினசோட்டா முதலிய மாநிலங்கள் அடங்கிய எட்டாவது வட்டாரமோ சூழ்நிலை முழுவதையும் நோக்குமாறு கூறுகின்றது. 2020 ஜனவரியில் நியூயோர்க் மாநிலத்து வங்குறோத்து நீதிபதி சிசிலியா மொறிஸ், அச்சோதனை காலப்போக்கில் அளவு கடந்து கடுமையாக்கப்பட்டுவிட்டதெனக் கூறி, ஒருவரின் 2,20,000 டொலருக்கு மேற்பட்ட கடனைத் தள்ளுபடி செய்தார். மறு ஆண்டிலேயே மாவட்ட நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. 2022 நவம்பரில் அந்நாட்டு நீதித் திணைக்களம், அரசாங்கக் கல்விக் கடனாளிகள் நிரப்ப வேண்டிய படிவமொன்றை வகுத்த பின்னரே அவ்வழி ஓரளவு எளிதாயிற்று.

செல்வர்களோ நீதிபதியைத் தேடிச் செல்ல வழி காண்பர். ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கம்பனியின் முகப்பவுடரால் புற்றுநோயுற்றதாகப் பல்லாயிரம் பெண்கள் தொடுத்த வழக்குகளைக் கருதுங்கள். அவ்வழக்குகளின் பொறுப்பை ஒரு புதிய கம்பனியின் தலையிற் சுமத்தி, 2021 ஒக்டோபரில் வட கரோலினாவின் சார்லட் நகரத்து வங்குறோத்து மன்றில் அதனை நிறுத்தினர். ஏன் அந்நகரம்? அவ்வட்டாரத்தில் இத்தகைய வழக்கைத் தள்ளுவிப்பது மிகக் கடினம். அங்குள்ள நீதிபதி அடுத்த மாதமே வழக்கை நியூஜேர்சிக்கு அனுப்பிவிட்டார். நியூஜேர்சி நீதிபதி வழக்கை ஏற்றுக்கொண்டாலும், 2023 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம், பண நெருக்கடியே இல்லாத கம்பனிக்கு இம்மன்றில் இடமில்லையெனத் தள்ளுமாறு பணித்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மீண்டும் தாக்கல் செய்து, 890 கோடி டொலர் தருவதாகக் கூறினர். முன்னர் ஏற்ற அதே நீதிபதி ஜூலையில் அதைத் தள்ளினார். 2024 செப்டெம்பரில் வேறொரு கம்பனியின் பெயரால் ரெக்சாசின் ஹூஸ்ரன் மன்றுக்குச் சென்றனர். 2025 மார்ச் இறுதியில் அங்கும் மறுப்பே கிடைத்தது. இத்தனை ஆண்டுகளில் வழக்கிட்ட பெண்களுட் சிலர் தீர்ப்பைக் காணாமலே இறந்துபோயினர்.

மீண்டும் சாதாரண இல்லத்துக்கு வருவோம். 7 ஆம் அத்தியாயத்திற் புகுந்த குடும்பத்தலைவி, வேலைக்குச் செல்ல மோட்டார் வண்டி வேண்டுமென்று, அதன் கடனை மட்டும் தொடர்ந்து செலுத்துவதாக மறு ஒப்பந்தம் எழுதுவதுண்டு. சட்டத்தரணி இல்லாதவராயின் அவர் நீதிபதி முன் தோன்றியே ஆகவேண்டும். வீட்டை ஈடுவைத்துப் பெற்ற கடனுக்கு நீதிபதியின் அங்கீகாரம் வேண்டியதில்லை, வண்டிக்கு வேண்டும். இங்கேதான் நீதிபதிகள் இரு திறத்தினராகப் பிரிவர். ஒரு சாரார், வளர்ந்தவர் தம் நன்மையைத் தாமே அறிவரெனக் கையொப்பமிடுவர். மற்றச் சாரார், மாதச் செலவு வருமானத்தை விஞ்சி நிற்கும்போது புதிய சுமையை ஏன் தலையிலேற்றுகின்றீர் எனக் கேட்டு மறுப்பர். பின்னவரைக் கல்நெஞ்சரென எண்ணலாகாது. பெரும்பாலும் அவரே அப்பெண்ணின் பக்கம் நிற்பவர். எனவே அன்று எடுத்துச் செல்லவேண்டியவை, வண்டியின் இன்றைய பெறுமதியையும் மீதிக் கடனையும் காட்டும் கடதாசிகளும், மாத வரவு செலவுக் கணக்கும், அப்பணம் எங்கிருந்து வரும் என்பதற்கான விடையுமே. வீடு திரும்பிய பின் மனம் மாறினாலும் ஒப்பந்தத்தைக் கைவிடலாம். கடன் விடுவிப்புக் கட்டளை பிறக்கும் வரை, அல்லது ஒப்பந்தம் மன்றிற் பதிவான நாளிலிருந்து 60 நாட்கள் வரை, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை அவ்வுரிமை உண்டு. கடன்கொடுத்தவருக்கு அறிவித்தல் அனுப்பினாற் போதும்.