கொம்பில் கோணல் குற்றமா?

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் 2023 நவம்பரில் ஒருவர் பெரிய வெண்வால் மான் ஒன்றை வீழ்த்தினார். உலக சாதனையை நெருங்கும் கொம்பு என்று வேட்டைப் பத்திரிகைகள் கொண்டாடின. நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் வீழ்த்திய மான் என்பது பிறகு வெளியே வந்தது. வழக்கு நடந்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டார், அந்த ஒரு மானுக்கு ஈடாக மட்டும் 35,071 டாலர் 73 சென்ட் கட்ட வேண்டியதாயிற்று. கள்ள வேட்டைக்குத் தண்டனை கிடைத்ததில் எனக்கு முழுத் திருப்தி. எரிச்சல் அந்தச் சில்லறைக் காசு வந்த வழியைப் பார்த்துத்தான்.

ஓஹாயோ சட்டத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது. கொம்பின் மொத்த அளவு 125 அங்குலத்தைத் தாண்டினால், அதிலிருந்து 100ஐக் கழிக்க வேண்டும். மிச்சத்தை அதே எண்ணால் பெருக்கி, வருவதை 1.65 டாலரால் பெருக்க வேண்டும். 150 அங்குலக் கொம்புக்கு 4,125 டாலர். 200 அங்குலக் கொம்புக்கு 16,500 டாலர். சூத்திரத் தொகையோடு சேர்க்கும் நிலையான 500 டாலரைத் தள்ளிவிட்டு இந்த வழக்கின் தொகையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் 244 முக்கால் அங்குலம் கணக்காக வருகிறது. இந்த மொத்தக் கணக்கில் கழிவு என்பதே கிடையாது. அதே கொம்பு பூன் அண்டு கிராக்கெட் கிளப்பின் சாதனைப் புத்தகத்துக்குப் போகட்டும், அங்கே கழிவு தொடங்கிவிடும். தண்டம் கட்டும்போது முழுக் கொம்பு. பெயர் வாங்கும்போது குறைத்த கொம்பு. ஒரே எலும்புக்கு எதற்கு இரண்டு நியாயம்?

தியோடர் ரூஸ்வெல்ட் முன்னின்று 1887இல் தொடங்கிய கிளப் அது. அழிந்துகொண்டிருந்த பெரு விலங்குகளைக் காப்பாற்ற அது செய்த வேலையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. 1950இல் அது ஏற்ற அளவுமுறைதான் இன்றுவரை அமெரிக்க மான் வேட்டையின் வேதம். கொம்பு 60 நாள் காய்ந்த பிறகு, கால் அங்குல அகல எஃகு நாடாவை வளைத்து, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குவரை அளப்பார்கள். இரு பக்கத் தண்டுகளின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், பக்கத்துக்கு நான்கு இடத்தில் சுற்றளவு, தண்டுகளுக்கு நடுவிலுள்ள அகலம் எல்லாவற்றையும் கூட்டுவார்கள். பிறகு இடமும் வலமும் ஒத்துப்போகாத அளவையெல்லாம் கழிப்பார்கள். இடது கிளை 12 அங்குலம், வலது கிளை 10 அங்குலம் என்றால் 2 அங்குலம் போயிற்று. அண்ணன் 90 மார்க் வாங்கியும் தம்பி 80தான் வாங்கினான் என்பதற்காக அண்ணனுக்கும் 80 போடுவதைப் போன்ற கணக்கு இது.

ஒழுங்கான கிளைகள் மட்டும் உள்ள கொம்பு ‘டைப்பிக்கல்’. தண்டின் அடியிலிருந்து கீழ்நோக்கித் தொங்குவது, பக்கவாட்டில் முளைப்பது, கிளையிலிருந்தே கிளைப்பது என்று வரிசை மீறிய கிளைகள் நிறைய இருந்தால் அது ‘நான்-டைப்பிக்கல்’. முதல் பட்டியலில் வரிசை மீறிய கிளையின் நீளம் கழிக்கப்படும், இரண்டாவதில் கூட்டப்படும். எல்லாக் காலத்துக்குமான பட்டியலில் ஏற முதலாவதுக்கு 170 அங்குலம், இரண்டாவதுக்கு 195 அங்குலம் வேண்டும். இப்போது ஒரு மானை எடுத்துக்கொள்ளுங்கள். சமன் கழிவெல்லாம் போக அதன் அடிப்படைக் கொம்பு 180 அங்குலம். வரிசை மீறிய கிளைகள் சேர்ந்து 14 அங்குலம். டைப்பிக்கல் கணக்கில் 166, தேறாது. நான்-டைப்பிக்கல் கணக்கில் 194, அங்கும் தேறாது. ஒரு கிளைகூட மீறாத 170 அங்குல மான் காலத்துக்கும் நிற்கும். அதைவிட 24 அங்குலம் அதிகமாகக் கொம்பு வளர்த்த மானுக்கு இடமில்லை. குறைந்த அளவுள்ள இன்னொரு பட்டியலில் அது ஏறலாம் என்பார்கள். அது ஆறுதல் பரிசு, நியாயம் ஆகாது.

சமச்சீர் ஆரோக்கியத்தின் அடையாளம் என்பது கிளப்பின் பழைய வாதம். காட்டில் நிற்காத வாதம். மானின் பின்னங்கால் அடிபட்டால் எதிர்ப்பக்கக் கொம்பு கோணலாக முளைப்பது நெடுநாளாகக் கவனிக்கப்பட்டுவரும் உண்மை. கொம்பு முளைக்கும் அடித்தண்டு காயப்பட்டாலும் அப்படித்தான். வயது ஏற ஏற வரிசை மீறிய கிளைகள் கூடுவதும் உண்டு. வண்டியில் அடிபட்டும் வேலியில் சிக்கியும் பிழைத்து, குளிர்காலங்களைத் தாண்டி நிற்கும் கிழட்டுக் கலைமானின் வரலாறு அந்தக் கோணலில் இருக்கிறது. அதை நாடாவால் கழிப்பவருக்குக் காடு தெரியாது.

இந்த ரசனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜெர்மனியே சாட்சி. அங்கே கொம்பு சரியில்லாத மானைப் பொறுக்கிச் சுட்டால் இனம் மேம்படும் என்ற நம்பிக்கை வேரூன்றியிருந்தது. நாஜித் தலைவர் ஹெர்மன் கோரிங் 1934இல் கொண்டுவந்த ரைஷ் வேட்டைச் சட்டம் அந்த நம்பிக்கைக்கு அரச அதிகாரம் கொடுத்தது. சுட்ட கொம்புகளைக் கட்டாயமாகக் கண்காட்சிக்குக் கொண்டுவர வேண்டும். நல்ல கொம்பை அவசரப்பட்டுச் சுட்டிருந்தால் அதன் மேல் சிவப்புப் புள்ளி ஒட்டுவார்கள். ஊர் முன்னால் வேட்டைக்காரர் தலைகுனிந்து நிற்க வேண்டும். வடிவம் பிசகியவை இனத்தைக் கெடுப்பவை என்று பட்டம் சூட்டிக் கொல்லப்பட்டன. நாஜி ஆட்சி அதே சொல்லை மனிதர்கள்மீதும் திருப்பியது என்பதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அமெரிக்கக் கிளப்புக்கும் கோரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சீறுவார்கள். சீறட்டும். ஒழுங்கான கொம்பே உயர்ந்தது என்ற அடிப்படை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பொறுக்கிச் சுடுவதால் பலன் உண்டா? டெக்சஸின் கமான்சி பண்ணையில் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் மான்களைப் பிடித்து அளந்து, கொம்பு போதாதவற்றைக் கொன்று பார்த்தார்கள். அடுத்த தலைமுறையின் கொம்பு பெரிதாகவில்லை. உணவும் வயதும் தீர்மானிக்கும் விஷயத்தைத் துப்பாக்கி தீர்மானிக்கும் என்று நம்பியதற்குக் கிடைத்த விடை அது.

வேட்டைக்காரர்களிலேயே பலர் இந்தக் கழிவை வெறுக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘நெட்’ என்பது கழித்த கணக்கையும் வலையையும் குறிக்கும் என்பதால், ‘நெட்’ மீன்பிடிப்பவனுக்குத்தான், வேட்டைக்காரனுக்கு இல்லை என்ற பொருளில் ஒரு கிண்டல் அவர்களிடையே புழங்குகிறது. பக்மாஸ்டர்ஸ், சஃபாரி கிளப் போன்ற அமைப்புகள் கழிக்காமலே அளக்கின்றன. பக்கத்துக்கு ஐந்து கிளையாகப் படியப் படிய நிற்கும் கொம்பை விரும்புபவர் விரும்பட்டும். தொங்கு கிளை ஒன்றுக்காகப் பருவம் முழுக்கக் காத்திருப்பவர் காத்திருக்கட்டும். அது அவரவர் விருப்பம். விருப்பத்தை விதியாக்குவதுதான் தவறு. அங்குலம் வேட்டைக்காரரின் திறமையையும் அளப்பதில்லை. நான்-டைப்பிக்கல் பட்டியலின் உச்சியைப் பாருங்கள். 333 அங்குலமும் எட்டில் ஏழும் உள்ள மிசௌரி மான், 1981இல் செயின்ட் லூயிஸ் கவுண்டியில் இறந்து கிடந்தது. அடுத்ததான 328 கால் அங்குல மான் 1940இல் ஓஹாயோவில் இறந்து கிடந்தது. அதன் கொம்பு 40 ஆண்டுக்கும் மேல் கென்ட் நகரின் ஒரு கிளப் சுவரில் கவனிப்பாரின்றித் தொங்கியது. அந்தப் பட்டியலின் மிகப் பெரிய இரண்டு கொம்புகளும் எந்த வேட்டைக்காரரின் வெற்றியும் அல்ல.

அங்குல ஆசை வேலிக்குள் போனபோது அழிவு தொடங்கியது. பண்ணைகளில் விந்துக் குழாய் விலைபேசி வளர்த்த மான்கள் 500 அங்குலத்தையும் தாண்டுகின்றன. வேலி மானைக் கிளப் ஏற்பதில்லை என்பது உண்மை. ஆனால் பண்ணைக்காரர் கையிலுள்ள நாடா கிளப் கொடுத்தது. மருந்தோ தடுப்பூசியோ இல்லாத நாட்பட்ட மெலிவு நோய் 1967இல் கொலராடோவில் அடைத்து வைத்த மான்களிடம் முதலில் தெரிந்தது. 2015இல் டெக்சஸின் வளர்ப்புப் பண்ணைக்குள் வந்தது. இன்று 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. காட்டிலும் அது தானாகப் பரவும் என்பார்கள். லாரியில் மானை ஏற்றி மாநிலம் மாநிலமாகக் கொண்டுபோனது காடு அல்ல. கொம்பை அங்குலத்தில் விற்கும் பழக்கம் இல்லாதிருந்தால் இந்த நோய் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது என் தீர்மானமான கருத்து.

கிளப் இந்த ஆண்டே சமன் கழிவை நீக்கி, இரண்டு பட்டியலையும் ஒன்றாக்க வேண்டும். ஓஹாயோவும் அதே சூத்திரத்தைப் பின்பற்றும் மாநிலங்களும் அங்குலத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, திருடப்பட்ட ஒவ்வொரு மானுக்கும் ஒரே கடுமையான ஈட்டுத்தொகை வைக்க வேண்டும். அடுத்த ஆண்டின் மந்தையைப் பெற்றுத் தருவது கொம்பில்லாத பெண்மான்தான். இன்றைய சூத்திரம் அதற்குக் கூடுதலாக ஒரு சென்ட்கூடத் தருவதில்லை.