ஈசல் உணவும் நமது அருவருப்பும்

மழை விட்ட அந்திப் பொழுதில் புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பும் பருவத்தில், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்து ஊர்களில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு வழக்கங்களைக் காணலாம். மேல்சித்தாமூர்ச் சமணர் இல்லங்களில், சிற்றுயிர் எதுவும் சோற்றில் விழுந்து மடியலாகாது என்று பொழுது சாயுமுன்பே உண்டு முடிப்பர். இவ்வட்டாரத்து இருளர்களோ அதே வேளையில் புற்றருகே விளக்கேற்றிக் குழி வெட்டிக் காத்திருப்பர். இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கும் நம்மைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்த ஊர் என்பதை யாவரும் அறிவர். அவர்களிற் பெரும்பாலோர் பரம்பரையாகப் பயிர்த்தொழில் செய்பவர்கள். உழவில் தற்செயலாக நேரும் உயிர்ச்சேதத்தை இல்லறத்தானுக்குப் பொறுத்துக்கொள்ளும் அவர்கள் நெறி, நாவின் பொருட்டு மனமறிந்து கொல்வதைப் பொறுப்பதில்லை. ஆடும் ஈசலும் அந்நெறிக்கு ஒன்றே. தேனையுங்கூட அது விலக்குகிறது. இத்தகைய மறுப்புக்குக் காரணம் உண்டு. அதனோடு எனக்கு யாதொரு வழக்கும் இல்லை.

எனது வழக்கு மற்றவர்களோடுதான். மரக்காணத்து இறாலையும் நண்டையும் விலை கொடுத்து வாங்கிச் சுவைத்து உண்போர், ஈசல் வறுக்கும் வாசனை வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வது என்ன நியாயம்? இறாலும் நண்டும் ஈசலும் இணைப்புக் கால்களும் மேலோடும் உடைய ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. (ஆகையால் இறால் ஒவ்வாதவர்கள் ஈசலையும் தொடாதிருப்பது நலம்.) ஆடி வெள்ளியில் புற்றுக்குப் பால் வார்த்து வணங்குகிறோம், அப்புற்றிலிருந்து வருவதை உண்பவனை மட்டும் இழிவாகப் பேசுகிறோம். விலக்குவது ஈசலையா, அதை உண்ணும் ஏழையையா என்று சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

நம் முன்னோர் இவ்விதம் எண்ணியதாகத் தெரியவில்லை. புறநானூற்றின் 119ஆம் பாட்டில், பாரியின் நாட்டு வளத்தைச் சொல்ல வந்த கபிலர், மழைக்காலத்தில் செம்புற்று ஈயலை மோரிலிட்டுப் புளிக்கச் சமைத்த உணவையும் சேர்த்தே சொல்கிறார். அகநானூற்றின் 394ஆம் பாட்டில் வரகரிசியும் ஆட்டுத் தயிரும் ஈயலும் சேர்ந்த புளிச்சோறு விருந்தினனுக்கு உரிய உணவாக வருகிறது. ஈயல் என்பது இன்றைய ஈசலே.

பிடித்த ஈசலை மண்சட்டியில் வறுத்து, வெயிலில் உலர்த்தி, முறத்தில் புடைத்தால் இறகுகள் பறந்துவிடும். பொரியரிசியும் சிறிது உப்பும் கலந்து வைத்தால் சில நாள் கெடாது. புரதமும் கொழுப்பும் மிகுந்த பதார்த்தம். பருப்பு வாங்க வகையற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு மழை கொண்டுவந்து கொடுப்பது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை ஸ்தாபனம் 2013இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறக்குறைய 1,900 வகைப் பூச்சிகள் உணவாவதாகக் கூறுகிறது. ஒடிசாவின் மயூர்பஞ்சு ஜில்லாச் செவ்வெறும்புத் துவையலுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வாண்டு ஜூலையில் சிங்கப்பூர் சர்க்கார் 16 வகைப் பூச்சிகளை உணவாக விற்க அனுமதித்தது. அங்கே கண்ணாடிப் புட்டியில் விலையாகும் பண்டத்தை இங்கே முறத்தில் கண்டால் முகம் சுளிக்கிறோம்.

நிற்க. நிலமுடையோருக்கு இதில் உள்ள பொறுப்பு யாதெனில், விஷ மருந்தைப் பற்றியது. மணிலாக் கொல்லையிலும் கரும்புக் கரணையிலும் கறையான் செய்யும் சேதம் மெய்தான். அதைத் தடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பி.எச்.சி. தூள் 1997இல் தடை செய்யப்பட்டதும், அதன் இடத்தைக் குளோர்பைரிபாஸ் போன்றவை பிடித்துக்கொண்டன. இதை வரப்புப் புற்றில் குடம் குடமாகக் கரைத்து ஊற்றுவோர் உண்டு. அது மண்ணில் பல வாரங்கள் தங்கும். அம்மண்ணில் ஊர்ந்து வெளிவரும் ஈசலில் விஷம் ஒட்டியிருக்கும். வறுப்பதால் அது நீங்கிவிடும் என்று நம்புவதற்கில்லை. அதை உண்பது இருளர் வீட்டுக் குழந்தை.

ஆகவே மருந்து தேவைப்படுமிடத்து விதைக்கும் கரணைக்கும் மட்டும் அளவோடு இடுக. மக்காத சாணமும் காய்ந்த தாளும் கறையானை அழைக்கும். நன்றாக மக்கிய எருவையே கொல்லையில் சேர்க்க வேண்டும். பயிரைத் தொடாத வரப்புப் புற்றை விட்டுவிடலாம். மருந்திட்டவர் அன்றைக்கே அருகிலுள்ள இருளர் குடியிருப்புக்கு, இன்ன கொல்லை ஈசலை இந்தப் பருவத்தில் எடுக்க வேண்டாம் என்று சொல்லியனுப்ப வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் இதை ஒரு வழக்கமாக்கினால் செலவு ஏதுமில்லை.

இன்னொன்று. பறக்கும் ஈசல் ஒவ்வொரு ஜோடியும் பிழைத்தால் புதுப் புற்று வைக்கக்கூடியது. அவற்றைப் பிடிப்பதால் கறையான் ஒழிந்துவிடாது. பெரும்பகுதியைப் பறவையும் பல்லியும் தின்றுவிடுகின்றன. ஆயினும் வரப்பு வளையில் எலி பிடித்து நம் நெல்லைக் காப்பதைப் போலவே, இதிலும் அவர்கள் கூலி கேளாமல் நமக்கு ஓர் உதவி செய்கிறார்கள். விளக்கோடு இரவில் கொல்லைப்பக்கம் வந்தவரைத் திருடர் என்று விரட்டுவதும், போலீசுக்கு ஆள் அனுப்புவதும் சில ஊர்களில் இன்னும் நடக்கின்றன. வரும் ஐப்பசி மழைக்கு முன்பாகவே, எந்தெந்த வரப்புகளில் அவர்கள் இறங்கலாம் என்பதை நிலக்காரர்கள் அவர்களை அழைத்துச் சொல்லிவிட வேண்டும்.