சிறிய காரும் அதன் அளவும்

வீட்டில் புழங்கும் பொருள்களைப் பற்றி இப்பகுதியில் நாம் அவ்வப்போது பேசி வருகிறோம். இம்முறை, பல இல்லங்களின் முற்றத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் ஒரு பழைய தோழனை எடுத்துக்கொள்வோம். மாருதி 800 என்னும் சிறிய காரே அது. “இதை இன்னும் வைத்துக்கொள்ளலாமா, கொடுத்துவிடலாமா?” என்ற கேள்வி இன்று பல குடும்பங்களில் தந்தைக்கும் மக்களுக்கும் இடையே எழுந்துள்ளது. விடை காண விரும்புவோர், அந்த வண்டியோடு நெடுங்காலம் வாழ்ந்தவர்களின் அனுபவத்தை முதலில் கேட்பது நலம்.

வந்த வரலாறு

1983 டிசம்பர் 14 அன்று அன்றைய பிரதமர் இந்திரா காந்தி, முதல் மாருதி 800 காரின் சாவியை டில்லியைச் சேர்ந்த விமான நிறுவன ஊழியர் ஒருவரிடம் வழங்கினார். குலுக்கலில் தேர்வானவர் அவர். 2010-இல் இறக்கும்வரை அந்த வண்டியை அவர் விற்கவில்லை. அப்போது அதன் விலை 47,500 ரூபாய். பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டிக் காத்திருந்தோர் இலட்சத்துக்கும் மேற்பட்டவர்.

அதற்கு முன் நம் நாட்டுச் சாலைகளில் ஓடியவை அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலிய சில வகைகளே. அம்பாசடரின் எடை ஒரு டன்னைத் தாண்டும். ஜப்பானின் சுசுகி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து உருவாக்கிய இப்புதிய வண்டியோ ஏறத்தாழ 650 கிலோதான். மூன்று சிலிண்டர்கள், 796 கன செ.மீ. எஞ்சின், பெரும்பாலானவற்றில் 40 குதிரைத்திறனுக்கும் குறைவான ஆற்றல். பின்புறக் கதவை மேலே தூக்கிச் சாமான்களை வைக்கும் ஹாட்ச்பேக் அமைப்பு அன்று நமக்குப் புதுமையாக இருந்தது. “தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்தாற்போல் இருக்கிறதே!” என்று நகைத்தவர்களும் உண்டு.

புகை விதிகள் கடுமையானபோது, 2010-இல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் இதன் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியும் முடிவுற்றது. அதற்குள் நம் நாட்டில் மட்டும் 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றிருந்தன.

ஓட்டியவர்கள் கூறுவது

உரிமையாளர்களைக் கேட்டால் ஒரே குரலில் கூறும் முதற்சிறப்பு, இதைத் திருப்புவதில் உள்ள எளிமை. மூன்றேகால் மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளமும் 4.4 மீட்டர் திருப்ப ஆரமும் கொண்ட இவ்வண்டி, குறுகிய சந்துகளில் எளிதாகத் திரும்பிவிடும். ஸ்டீயரிங் நின்ற இடத்தில் சற்று இறுகும். வண்டி நகரத் தொடங்கினால் இலகுவாகிவிடும். ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட தாய்மார்கள் பலர், “இந்த வண்டி இல்லையெனில் நாங்கள் கற்றிருக்கவே மாட்டோம்” என்று கூறக் கேட்டிருக்கிறோம்.

அடுத்தது பெட்ரோல் சிக்கனம். நகருக்குள் லிட்டருக்கு 14, 15 கிலோமீட்டரும், நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டினால் 18 அல்லது அதற்கு மேலும் கிடைத்ததாகப் பலர் கணக்கு வைத்திருக்கிறார்கள். மாதச் சம்பளத்தில் பிள்ளைகளின் கல்விக்கட்டணம் போக எஞ்சுவதைக் கொண்டு வண்டி ஓட்டிய குடும்பங்களுக்கு இது சிறிய உதவியன்று. பழுது பார்க்கத் தெரிந்தவர் எந்த ஊரிலும் உண்டு. உதிரிபாகங்களும் கடைத்தெருவில் இன்றும் கிடைக்கின்றன.

குறைகளையும் மறைப்பதற்கில்லை. பன்னிரண்டு அங்குலச் சக்கரம் ஆதலால் சாலைப் பள்ளங்களில் வண்டி அதிகமாகக் குலுங்கும். இருக்கை தாழ்வானது, முழங்கால் வலியுள்ள பெரியோர் ஏறி இறங்கச் சிரமப்படுவர். குளிர்சாதனத்தை இயக்கியவுடன் எஞ்சினின் இழுவை குறைவது தெரியும். ஆகவே மலைப்பாதையில் ஏறும்போதும் பேருந்தை முந்தும்போதும் அதை நிறுத்திவிடுவது பழைய ஓட்டுநர்களின் வழக்கம். கொடைக்கானல் மலைப்பாதையில் இரண்டாம் கியரிலேயே பொறுமையாக ஏறிச் சென்றவர்கள், வண்டி தங்களைக் கைவிட்டதில்லை என்று கூறுகிறார்கள். அதே பாதையில் ஆறு பேரையும் மேலே மூட்டைகளையும் ஏற்றிச் சென்றவர்களின் கதை வேறு. ரேடியேட்டரில் நீர் கொதித்து, சாலையோரத்தில் பாதி நாள் காத்திருந்தவர்கள் அவர்கள்.

மயிலிறகேயாயினும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் உரைத்த உண்மை மாட்டுவண்டிக்கு மட்டும் உரியதன்று. நால்வருக்கென வகுத்த வண்டியை நால்வருக்கென நடத்தியவர்களுக்கு, அது இருபது முப்பது ஆண்டுகள் உழைத்திருக்கிறது.

பேணும் முறை

இவ்வண்டியை வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை சில உள. எஞ்சினின் மேற்பகுதி அலுமினியத்தால் ஆனது. வெப்பம் மிகுந்தால் அது வளைந்துவிடும், செலவும் பெரிதாகும். ரேடியேட்டர் நீரை வாரம் ஒருமுறையேனும், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்த்தல் வேண்டும். மின்விசிறி உரிய நேரத்தில் சுழலத் தொடங்குகிறதா என்றும் கவனிக்க வேண்டும். வெப்பமானி முள் உயர்ந்தால், வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டிக்கொண்டே போதல் கூடாது. உடனே நிறுத்திவிட வேண்டும்.

டைமிங் பெல்ட்டை அதற்குரிய தூரத்தில் மாற்றிவிட வேண்டும். வண்டி அதிகம் ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதிர்ச்சி அடையும் என்பதை மறத்தல் ஆகாது. கிளட்ச் கம்பி அறுந்தால் வழியில் நிற்க நேரும். மிதி வழக்கத்தினும் கடினமாவது அதன் முன்னறிவிப்பு. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று தகட்டை அரிக்கும். கதவுகளின் அடிப்பாகத்தையும், விரிப்பை எடுத்துவிட்டுத் தரைத்தகட்டையும் ஆண்டுக்கு இருமுறை பாருங்கள். மழைக்காலம் முடிந்தவுடன் ஈர விரிப்பை வெயிலில் உலர்த்துங்கள்.

புதிதாக வந்துள்ள ஒன்றையும் கூற வேண்டும். பெட்ரோலில் எத்தனால் கலக்கும் அளவு, 2025-இல் நாடெங்கும் நூற்றுக்கு 20 என்னும் இலக்கை எட்டியது. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்கள் இதற்கென வகுக்கப்பட்டவையல்ல. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஆகவே மாதக்கணக்கில் ஓடாத வண்டியில் பெட்ரோலைத் தேக்கி வைக்க வேண்டா. பெட்ரோல் வாசனை வந்தால் குழாய்களை உடனே மாற்றிவிடுங்கள். இதில் சிக்கனம் பார்ப்பது தீயோடு விளையாடுவதாகும்.

மடியில் குழந்தை

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் இல்லத்தில் 1996-ஆம் ஆண்டு வாங்கிய மாருதி உள்ளது. மூத்த மகளின் திருமணத்துக்கு அலங்கரித்ததும் அதுவே. மனைவியை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்று உயிர் காத்ததும் அதுவே. “இதை விற்பதும் வீட்டில் ஒருவரை வெளியே அனுப்புவதும் எனக்கு ஒன்றுதான்” என்கிறார் அவர். மகனோ, “அப்பா, உங்கள் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் என் குழந்தையை இதில் நெடுஞ்சாலையில் அனுப்ப எனக்கு மனமில்லை” என்கிறார். இருவரும் இதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்தியிருந்தார்கள்.

இருவர் பக்கமும் நியாயம் உண்டு. எனினும் மகன் அஞ்சுவதில் உள்ள உண்மையை நாம் எடைபோட வேண்டும். இவ்வண்டியில் ஏர்பேக் கிடையாது. திடீரென பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பும் கிடையாது. பல பழைய வண்டிகளின் பின்னிருக்கையில் பட்டியும் இல்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களின் ஏர்பேக் இல்லாத வகைகளை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்தும் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அவையெல்லாம் மாருதி 800-ஐ விடப் பிற்காலத்தில் வகுக்கப்பட்டவை.

இன்னொன்றும் உண்டு. முன்னிருக்கையில் தாயின் மடியில் குழந்தையை வைத்துச் செல்லும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. தாயின் கரங்களைவிடப் பாதுகாப்பு ஏது என்று நாம் நினைக்கிறோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதி நின்றால், பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை அந்தக் கணத்தில் இருநூறு கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு முன்னே பாயும். எந்தத் தாயாலும் அதைப் பிடித்து நிறுத்த இயலாது. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பட்டியாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்காமல் ஏற்றிச் சென்றால் ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. அபராதத்துக்கு அஞ்சியன்று, குழந்தையை எண்ணி இதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

அந்த ஆசிரியர் இல்லத்தில் கண்ட முடிவு நமக்குப் பிடித்திருந்தது. கார் வீட்டிலேயே இருக்கிறது. சந்தைக்கும், ஞாயிறு பூசைக்கும், பக்கத்துத் தெரு உறவினர் வீட்டுக்கும் தாத்தாவும் பாட்டியும் அதிலேயே நிதானமாகப் போய்வருகிறார்கள். பேரக்குழந்தை ஏறும் பயணத்துக்கும் நெடுஞ்சாலைப் பயணத்துக்கும் மகனின் புதிய வண்டி. “கிழவனுக்கும் கிழவண்டிக்கும் ஒரே வேகம்” என்று ஆசிரியர் இப்போது சிரிக்கிறார்.

முடிவு செய்யுமுன்

பதினைந்து ஆண்டு கடந்த காருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தகுதிச் சோதனை செய்து, ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த இக்கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாயிற்று. இருபது ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரியும் காப்பீடும் தனி. கடைசியாக வெளிவந்த வண்டிகளும் 2029-இல் பதினைந்து ஆண்டை எட்டிவிடும். ஆகவே, வீட்டில் அமர்ந்து ஒரு தாளில் கணக்கெழுதிப் பாருங்கள். ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? யார் ஏறுகிறார்கள்? எந்தச் சாலையில்? தரைத்தகடு உறுதியாக உள்ளதா? ஓடாமல் நின்று துருப்பிடிப்பதே அதன் வேலை என்றால், முறையாகப் பதிவை நீக்கி அனுப்பிவைப்பதே அதற்குச் செய்யும் மரியாதை. பதிவை நீக்காமல் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டால், பின்னாளில் தொல்லை உங்கள் பெயரிலேயே வந்து நிற்கும்.

வைத்துக்கொள்வதாயின் அதன் அளவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்: நால்வர், நிதான வேகம், குறுகிய தூரம், பட்டியணிந்த பயணம். பின்னிருக்கையில் பட்டி இல்லையெனில் இந்த மாதமே பொருத்தச் செய்யுங்கள். பொருத்தும்வரை குழந்தைகளை அதில் ஏற்ற வேண்டா.