காலிமுகத்திடல் யாருக்கு?

"அது ஆம்பிளைகள் விளையாடும் இடம், பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்கிறார் மாமி. பிள்ளைகளோடு போகலாமா?" கொள்ளுப்பிட்டிச் சகோதரி ஒருவரின் கேள்வி இது.

குதிரைப் பந்தயம் ஓடிய திடல்தான் அது. 1879இல் தொடங்கிய கோல்ப் கழகமும் முதலில் ஆடியது அங்கேயே. ஆனால், 1859இல் கடலோர நடைபாதையை முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்கள், குழந்தைகளின் நலனுக்காக அதைப் பேணுமாறு பின்வருவோரைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். அந்நியர் ஒருவருக்கே அந்த எண்ணம் இருந்தது!

நபி (ஸல்) அவர்கள், பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாடியபோது, ஆயிஷா (ரழி) அவர்களைத் தமது மேலாடையால் மறைத்து, அவர் சலிக்கும்வரை பார்க்க விட்டார்கள் (புகாரி). பெருநாள் திடலுக்கும் பெண்களை வரச் சொன்னார்கள்.

பர்தா பேணி, அஸர் தொழுதுவிட்டுப் புறப்படுங்கள். மாமியையும் கூட்டிச் செல்லுங்கள். இறால் வடைக்குக் காசும் இருக்கட்டும்.