இரட்டை வேகமும் ஒற்றைப் பிரதியும்

நிலாவெளியில் ஒளிப்படக் கலையகம் நடத்திவரும் இளைஞர் ஒருவர் கேட்ட கேள்வியே இந்தப் பதிவை எழுதத் தூண்டியது. புறாத்தீவுக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகளுக்குக் கடலடிக் காணொளிகளும், ஊரவர்க்குத் திருமணக் காணொளிகளும் எடுத்துத் தொகுத்துக் கொடுப்பது அவர் தொழில். கணினியில் தலா ஒரு டெராபைட் கொண்ட இரண்டு எஸ்.எஸ்.டி.க்களைப் பூட்டியிருக்கிறார். "ரெண்டையும் சேர்த்து ரெய்ட் 0 போட்டால் வேகம் இரட்டிப்பாகுமாம், ஐயா. போடட்டுமா?" என்றார்.

வேண்டாம் என்பதே என் கருத்து. கணினிக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் அறிவுரை இதற்கு நேர்மாறானது என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், அவசரச் செய்தி வந்தால் கைப்பிரதித் தாள்களை அச்சுக்கோப்பாளர் இருவருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதுண்டு. ஒன்று, மூன்று, ஐந்தாம் தாள்கள் ஒருவரிடம். இரண்டு, நான்கு, ஆறாம் தாள்கள் மற்றவரிடம். வேலை பாதி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒருவருடைய தாள்கள் தொலைந்தால் மற்றவரிடம் எஞ்சியிருப்பதை வைத்துக்கொண்டு செய்தி போட முடியாது. ரெய்ட் 0 செய்வதும் இதைத்தான். ஒவ்வொரு கோப்பையும் சிறு துண்டுகளாக்கி இரண்டு டிரைவ்களிலும் மாறி மாறி எழுதுகிறது. ஒரு டிரைவ் செத்தால் பாதிக் கோப்புகள் மிஞ்சும் என்று சிலர் எண்ணுகிறார்கள். மிஞ்சுவது பாதிக் கோப்புகள் அல்ல, எல்லாக் கோப்புகளிலும் பாதிப் பாதித் துண்டுகள்; அவற்றால் பெரும்பாலும் பயனில்லை.

ஓராண்டில் ஒரு டிரைவ் பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டைச் சேர்த்துவிட்டால் எல்லாமே போகும் வாய்ப்பு நூற்றுக்கு 3.96, ஏறத்தாழ இரு மடங்கு. ஆக, இரட்டிப்பாவது வேகம் மட்டுமல்ல.

ரெய்ட் என்ற பெயரை உலகுக்குத் தந்தது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ரான்டி காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. விலை மலிந்த தட்டுகள் பலவற்றைச் சேர்ப்பது, ஒன்று பழுதானாலும் மற்றவை காக்கும்படி உபரித் தகவலையும் சேர்த்து வைப்பது என்பதே அவர்கள் சொன்னது. அந்தப் பெயரின் முதல் எழுத்தே அந்த உபரியைத்தான் குறிக்கிறது. அவர்கள் வகுத்தவை ஒன்று முதல் ஐந்து வரையான நிலைகள். பூச்சியம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பாதுகாப்பு பூச்சியம் என்பதைப் பெயரிலேயே ஒப்புக்கொண்ட நேர்மைக்காக அதைப் பாராட்டலாம்.

அந்த வேகமாவது இவருக்குப் பயன்படுமா? கடலடிக் கமராக்களின் 4கே காணொளி நொடிக்குச் சுமார் 100 மெகாபிட், அதாவது 12.5 மெகாபைட். சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றே நொடிக்கு 500 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும். நான்கு கமராக் காட்சிகளை ஒருசேர ஓட்டினாலும் அதில் பத்தில் ஒரு பங்குதான் செலவாகும். கார்டிலிருந்து படங்களை இறக்கும்போது வேகத்தைத் தீர்மானிப்பது கார்டும் ரீடரும். தொகுத்ததை இறுதிக் கோப்பாக்கும்போது செயலியும் கிராபிக்ஸ் அட்டையும். இதற்கும் மேல் வேகம் வேண்டுமானால் என்விஎம்இ டிரைவ் ஒன்றை வாங்கினால் போதும். நான்காம் தலைமுறை வகை தனியாகவே நொடிக்கு 7,000 மெகாபைட் வரை படிக்கிறது. சாட்டா டிரைவ்கள் இரண்டைச் சேர்த்தாலும் அதன் அருகே வர முடியாது.

அப்படியானால் ரெய்ட் 1 போடலாமே, இரண்டிலும் ஒரே பிரதி இருக்குமே என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். ரெய்ட் 1 இயந்திரம் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும். தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அதே கணத்தில் இரண்டிலும் அழிக்கும். பணயத் தீநிரல் வந்து பூட்டினால் இரண்டையும் சேர்த்தே பூட்டும். 2023 ஆகஸ்ட் இறுதியில் இலங்கை அரச மேகக் கணினியைத் தாக்கியது அத்தகைய தீநிரல்தான். சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயே போயின. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. தாக்குதலுக்கு எட்டாத தனிப் பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை என்பதே காரணம்.

எஸ்.எஸ்.டி.க்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரே நாளில் வாங்கி ஒரே அளவு எழுதப்பட்ட இரட்டையர்கள் ஒரே பருவத்தில் தேய்கின்றனர். 2019 நவம்பரில் எச்.பி.இ. நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: தன் சில எஸ்.எஸ்.டி. வகைகள், உள்மென்பொருள் பிழையால், 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும். அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி. ஒன்றாக இயக்கத்துக்கு வந்தவை ஒன்றாகவே சாகும் என்றால், இரட்டைப் பிரதி எதைக் காக்கும்? 2020 மார்ச்சில் 40,000 மணி நேரத்தில் சாகும் வேறு சில வகைகளைப் பற்றியும் அதே நிறுவனம் எச்சரித்தது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட நாடு இது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டது என்றார் அமைச்சர். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், விலை குறைந்த எஸ்.எஸ்.டி. பலவற்றில் இடைநினைவகத்தில் இருந்ததைக் காக்கும் மின்தேக்கி கிடையாது. கலையகத்துக்கு இன்னொரு டிரைவை விட முதலில் தேவை நல்ல யூ.பி.எஸ்.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப்படுவது வேறு. நிலாவெளிக் கரையோரத்தில் 2004 டிசம்பர் 26க்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லாத குடும்பங்கள் உண்டு. ஆல்பமும் நெகட்டிவும் ஒரே அலுமாரியில் இருந்தன. அலுமாரியைக் கடல் கொண்டுபோனது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அழிந்த சுமார் 97,000 நூல்களில், வேறிடத்தில் பிரதி உள்ளவற்றைப் பின்னர் தேடி வாங்க முடிந்தது. வேறு பிரதி இல்லாத ஏட்டுச் சுவடிகள் போனவை போனவைதான். இன்று அந்த இளைஞரின் கணினியில் இருப்பது, பல வீடுகளின் திருமணத்துக்கான ஒரே பதிவு. வாடிக்கையாளர் கையில் கொடுத்த பென் டிரைவ் சில ஆண்டுகளில் எங்கே போகும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

பணக்கார நாடுகளும் விதிவிலக்கல்ல. 2025 செப்டெம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகர அரச தரவு மையத்தில் மின்கலத் தீ மூண்டது. அரச ஊழியர்களின் ஜி-டிரைவ் சேமிப்பில் இருந்த 858 டெராபைட் எரிந்தது. கொள்ளளவு மிகப் பெரிது என்பதால் வெளியே பிரதி வைத்திருக்கவில்லை!

ஆகவே, இரண்டு டிரைவ்களையும் சேர்க்காமல் விடுவதே நல்லது. ஒன்றில் வேலை செய்யட்டும். மற்றதில் ஒவ்வோர் இரவும் பிரதி எடுக்கட்டும். இரண்டு பிரதி ஆகும்வரை கமராக் கார்டை அழிக்கலாகாது. மூன்றாவது பிரதி கடலோரத்தில் இருக்கக் கூடாது. வவுனியாவிலோ கண்டியிலோ உறவினர் வீட்டில் இருக்கட்டும். ரெய்ட் 0 வேண்டவே வேண்டுமென்றால், மென்பொருள் தானே உருவாக்கி அழித்துக்கொள்ளும் தற்காலிகக் கோப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். விடுதி முன்பதிவு போல ஒரு மணி நேரமும் நிற்க முடியாத தொழிலுக்கு ரெய்ட் 1 பொருந்தும், தனிப் பிரதியும் இருந்தால்.

உறவினர் வீட்டுப் பிரதிக்குப் பழைய எஸ்.எஸ்.டி.யைக் கொடுத்தனுப்ப வேண்டாம். எழுதும் ஆயுள் முழுதும் தீர்ந்த சாதாரண எஸ்.எஸ்.டி. மின்சாரமின்றி 30 பாகை செல்சியசில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே ஜெடெக் தரநிர்ணயம். வெப்பம் கூடினால் அந்தக் காலம் சுருங்கும். நம் வீட்டு அலுமாரிகளின் வெப்பம் 30 பாகையில் நிற்பதில்லை. அதற்கு விலை குறைந்த, சுழலும் வன்தட்டே பொருத்தம். ஆண்டுக்கு இரு முறை அதைக் கணினியில் பூட்டி, ஏதேனும் நான்கு காணொளிகளை முழுதாக ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.