பனியாற்றுக்கும் உண்டு ஷ்ரிங்கேஜ் டெஸ்ட்!

குன்னத்தூர் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு ஷ்ரிங்கேஜ் டெஸ்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. துணியில் 50 சென்டிமீட்டருக்குச் சதுரம் போட்டு மார்க்கரால் குறிப்பார்கள். துவைத்து, காயவைத்து, அதே கோடுகளை மறுபடி அளப்பார்கள். 50 என்பது 48 ஆகியிருந்தால், சுருக்கம் 4 சதவிகிதம். பார்வைக்குத் துணி அப்படியேதான் இருக்கும். டேப் வைத்தால்தான் குட்டு வெளிப்படும்.

இதே சோதனையைப் பனிக்கும் செய்கிறார்கள். மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பனியாறு இளைக்கிறதா, பருக்கிறதா என்பதை போட்டோ பார்த்துச் சொல்ல முடியாது. அதன் மேற்பரப்பின் உயரத்தை அளக்க வேண்டும். அடுத்த வருடமும் அதே இடத்தில் அளக்க வேண்டும்.

இமாச்சலப் பிரதேசத்தின் சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2002 முதல் இந்த வேலை நடக்கிறது. பனியில் துளையிட்டு மூங்கில் குச்சிகளை நட்டு, குச்சி எவ்வளவு வெளியே தெரிகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் குறித்துக்கொள்கிறார்கள். ஆனால், ஆள் ஏற முடியாத, பல கிலோமீட்டர் அகலப் பனிப்பரப்பில் எத்தனை குச்சிதான் நடுவது?

அங்கேதான் விமானத்தில் கட்டிய ரேடார் கைகொடுக்கிறது. கிரீன்லாந்தில் 2016 முதல் நாசா இதைச் செய்தது. சுமார் 40,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து ரேடியோ அலைகள் கீழே போகும். பனியில் பட்டுத் திரும்பும் எதிரொலியை இரண்டு ஆன்டெனாக்கள் வாங்கிக்கொள்ளும். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நம் இரண்டு காதுகளும் சேர்ந்து கண்டுபிடிக்கிறதல்லவா, அதே மாதிரிதான். இரண்டு ஆன்டெனாக்களுக்கும் எதிரொலி வந்து சேர்வதில் உள்ள நுட்பமான வித்தியாசத்தை வைத்து, பனியின் உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். விமானம் எந்த இடத்தில் இருந்தது என்பதை ஜி.பி.எஸ். சொல்லிவிடும். லேசர் கதிரை மேகம் மறைத்துவிடும். ரேடாருக்கு மேகமும் தடையில்லை, இருட்டும் தடையில்லை.

இப்படி அளந்தபோது ஓர் ஆச்சர்யம் காத்திருந்தது. 20 வருடங்களாக வேகமாக இளைத்துக்கொண்டிருந்த யாகோப்ஸாவ்ன் என்ற பெரிய பனியாறு, 2016-க்குப் பிறகு பருக்க ஆரம்பித்திருந்தது. அதன் முன்பகுதி வருடத்துக்கு 20 முதல் 30 மீட்டர் வரை உயர்ந்தது!

அப்படியானால் உலகம் சூடாவது பொய்யா? இல்லை. அந்தப் பனியாற்றின் வாயில் வந்து மோதும் கடல்நீர் அந்தச் சமயத்தில் குளிர்ந்திருந்தது. அதனால் அடியில் உருகுவது குறைந்தது. அதே காலத்தில் கிரீன்லாந்து மொத்தமாகப் பனியை இழந்துகொண்டேதான் இருந்தது. ஒரு துணி ஒருமுறை சுருங்கவில்லை என்பதற்காக முழு லாட்டையும் யாரும் பாஸ் போட்டுவிட மாட்டார்களே!

'இதெல்லாம் நமக்கு எதற்கு? நொய்யலுக்கும் பவானிக்கும் மழைதானே ஆதாரம்?' என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், திருப்பூர் சரக்கு கப்பல் ஏறுவது தூத்துக்குடியில். கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் கடல் மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்றாலும், அதில் சில அங்குலம் உயர்ந்தாலே கடற்கரைக்குச் சிக்கல்தான்.

இப்போது இந்த அளவெடுப்பில் நம் பங்கும் உண்டு. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார் செயற்கைக்கோள், இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்தது. 12 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வந்து, நிலமும் பனியும் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்பதை ரேடாரால் பார்ப்பது இதன் வேலை.

'பனி வளருது, எல்லாம் புரளி' என்று வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஃபார்வேர்ட் செய்தால் சண்டை போட வேண்டாம். மூன்றே கேள்விகள் கேளுங்கள். எந்த இடத்தில் அளந்தது? எந்த வருடம்? அதற்குப் பிறகு மறுபடி அளந்தார்களா?