எந்த ஊரு? ஊர்ல எங்க?

கிராமத்து மனுசன் வெள்ளந்தி. முன்னப்பின்ன தெரியாதவனையும் திண்ணையில உக்கார வச்சு, மோர் குடுத்துப் பேசுவான். பட்டணத்தானுக்கோ பக்கத்து வீட்டுக்காரன் பேரே தெரியாது. நம் எழுத்தாளர்கள் அலுக்காமல் எழுதிவரும் புலம்பல் இது. அந்தத் திண்ணை எந்தத் தெருவில் இருந்தது என்று மட்டும் எழுதமாட்டார்கள். வந்தவன் சேரிக்காரன் என்றால் மோரை எதில் ஊற்றினார்கள், அவன் எங்கே நின்று குடித்தான் என்பதையும் எழுதமாட்டார்கள்.

முகம் தெரியாதவரோடு பேசுவது இடத்தைப் பொறுத்தது என்கிறார்கள். சரிதான். ஆனால் இந்த நாட்டில் இடம் என்றால் பெஞ்சும் மரநிழலும் மட்டுமா? எதிரே இருப்பவன் என்ன சாதி என்று கண்டுபிடிக்க வழியுள்ள இடம் ஒன்று, வழியில்லாத இடம் இன்னொன்று. பேச்சு ஓடுவதும் முறிவதும் இதை வைத்துத்தான்.

1901இல் நடந்ததை அம்பேத்கரே எழுதி வைத்திருக்கிறார். கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவிடம் போக, சிறுவனான அவரும் உடன் வந்த பிள்ளைகளும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார்கள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. நல்ல துணிமணி உடுத்திய பிள்ளைகளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் இரக்கத்தோடு விசாரித்தார். மகார் என்று சொன்னதும் முகம் மாறி உள்ளே போய்விட்டார். வண்டிக்காரர்களும் வர மறுத்தார்கள். கடைசியில் இரட்டை வாடகை கொடுத்து, பிள்ளைகளே மாட்டை ஓட்ட, வண்டிக்காரன் கூடவே நடந்து வந்தான். அதே ஸ்டேஷன், அதே பிள்ளைகள். நடுவுல வந்தது ஒரே ஒரு சொல்லு.

இங்கே என்ன வாழுது? 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. பேருக்குப் பின்னாலிருந்த வால் பெரும்பாலும் போனது. அந்த இடத்தில் கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. ரயிலில் எதிர்சீட்டுக்காரர் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, "எடுத்துக்குங்க தம்பி" என்பார். மழை, சினிமா, அரசியல் எல்லாம் பேசி ஓய்ந்த பிறகு வரும்: "தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எங்க? மேலத்தெருவா? குலசாமி எது?" நம்ம பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும். இல்லையென்றால் பக்கத்து டவுன் பேரைச் சொல்லும். கூச்சம், தாழ்வு மனப்பான்மை என்று இதற்குப் பேர் வைக்கிறார்கள் படித்தவர்கள். அய்யா, அது தற்காப்பு. ஊர்ப் பக்கத்து டவுன் பஸ்ஸில் அந்தக் கேள்விகூட வேண்டாம். எந்த ஸ்டாப்பில் ஏறினான் என்பதே போதும்.

1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தது அரசு. அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியார். கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பேரையே அரசு எடுத்துவிட்டது. செத்துப்போனவர் பேரோடுகூட ஒரே வண்டியில் போக முடியாதவர்கள், உயிரோடு இருக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்து என்னத்தைப் பேசிவிடப் போகிறார்கள்?

அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை எல்லாவற்றிலும் பாகுபாடு கூடாது என்கிறது. சட்டம் சீட்டை வாங்கித் தரும், பேச்சை வாங்கித் தராது. பட்டணத்தின் மௌனத்தைப் பழிக்காதீர்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் பட்டணமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. ஆனால் கூட்டம் பிதுங்கும் மின்சார ரயிலில் யாரும் எதையும் கேட்பதில்லை. அங்கேதான் எங்க ஆளு தோள் உரச நின்று நிம்மதியாக மூச்சு விடுகிறான்.

எங்களுக்கும் பேச ஆசைதான். பேச்சைத் தொடங்க ஆயிரம் கேள்வி கிடக்கிறது. உங்க பக்கம் மழை உண்டா, வண்டி எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், சாப்பிட்டாச்சா? அதுல ஒண்ணக் கேளுங்க. பதில் சொல்றோம்.